பழைய காரில் பொருத்திய ஏசி படுத்துகிறதா? கேஸ் ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800, ஆம்னி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஏசி இல்லாமல் விற்கப்பட்டவை. பிற்பாடு யாரோ ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, எஞ்சினில் பிராக்கெட் அடித்து கம்ப்ரசரை ஏற்றி, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தியிருப்பார். பொருத்தியது நல்ல கை என்றால் அந்த ஏசி பல வருடம் சத்தமில்லாமல் உழைக்கும். அரைகுறை வேலை என்றால் ஒவ்வொரு கத்திரிக்கும் ஒரு தொல்லை.

தொல்லை என்று கடையில் போய் நின்றால் முதலில் வரும் பதில், "கேஸ் இறங்கியிருக்கும் சார், ஏத்திடலாம்." இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அந்தக் கசிவை அடைக்க வேண்டும். குறையாமலே குளிர்ச்சி போயிருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கொண்டு ஏற்றினால் அழுத்தம் கூடி, நன்றாக இருந்த கம்ப்ரசரும் கெடும்.

பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், சின்ன தெர்மாமீட்டர், டார்ச், ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் கீழே உள்ளதில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைக்கும்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும். வேட்டி, துப்பட்டா, தொளதொள சட்டை எதுவும் பானெட்டுக்குள் தொங்கக் கூடாது.

எது சரியான குளிர்ச்சி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கோளாறு தேடுவதில் பயனில்லை. வெயிலில் நின்ற வண்டிக்குள் 55, 60 டிகிரி சூடு இருக்கும். கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அந்த அனல் வெளியேறிய பிறகு கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து, காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் 8 முதல் 12 வரை காட்ட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது 15 வரை ஏறுவது சகஜம்.

அந்த அளவு வந்தும் உள்ளே புழுங்குகிறது என்றால் யூனிட்டை விட்டுவிடுங்கள். கதவு ரப்பர் வெடித்திருக்கும், கூரைத் தகட்டுக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் எதுவும் ஒட்டியிருக்காது, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டின் துளைகள் திறந்து கிடக்கும். அங்கே செலவழிக்கும் பணம் வீண் போகாது.

காற்று வருகிறது, குளிர்ச்சி துளிகூட இல்லை

எஞ்சினை ஓடவிட்டு, ப்ளோயரைப் போட்டு, குளிர்ச்சி திருகியை முழுக்கத் திருப்புங்கள். பானெட் பக்கமிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டும் சத்தம். சத்தம் வராமல், புல்லி மட்டும் சுற்றி அதன் முன்னால் உள்ள தட்டு சும்மா நிற்கிறது என்றால் கம்ப்ரசர் வேலையே செய்யவில்லை.

கிளட்சுக்குப் போகும் ஒற்றை ஒயரில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஒயர் வழியாகவே பின்னோக்கிப் போங்கள்: பிரஷர் சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரிலே, ஃபியூஸ். எந்த இடத்துக்கு முன் எரிந்து பின் எரியவில்லையோ, கோளாறு அங்கே. பிரஷர் சுவிட்ச் தடுக்கிறது என்றால் கேஸ் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். அதை நேர் இணைப்பு கொடுத்து ஓட்டாதீர்கள். கேஸ் இல்லாமல் சுற்றும் கம்ப்ரசருக்கு எண்ணெய் திரும்பி வராது, உள்ளே தேய்ந்து பொடியாகும்.

விளக்கு எரிகிறது, கிளட்ச் ஒட்டவில்லை என்றால் முதலில் எர்த். பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் கம்ப்ரசரை மாட்டினால் எர்த் சரியாகக் கிடைக்காது. பேட்டரி நெகட்டிவிலிருந்து கம்ப்ரசர் உடலுக்குத் தனியாக ஒரு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். உடனே ஒட்டினால் விஷயம் முடிந்தது. அப்படியும் ஒட்டவில்லை என்றால் கிளட்ச் காயிலின் மின்தடையை அளந்து பாருங்கள். 3, 4 ஓம் காட்டினால் காயில் நல்லது. தொடர்பே இல்லை (ஓப்பன்) என்று மீட்டர் காட்டினால் காயில் போய்விட்டது.

இதில் பலரைச் சுற்றவிடும் ஒரு வகை உண்டு. காலையில் ஒட்டும், அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் விட்டுவிடும், ஆறினால் மறுபடி ஒட்டும். இதை "கேஸ் கம்மி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, புல்லிக்கும் முன்தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், சூடான காயிலின் காந்தத்துக்கு அந்தத் தட்டை இழுக்கும் வலு இருக்காது. தட்டின் நட்டைக் கழற்றினால் உள்ளே மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மூடினால் இடைவெளி குறையும். ஐந்து பைசா செலவில்லாத வேலை. புதுக் கம்ப்ரசர் வாங்கச் சொல்வதற்கு முன் யாராவது இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஓடும்போது சில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் அனல்

சென்னையில் பழைய வண்டிக்காரர்களின் முதல் புகார் இதுதான். ஓஎம்ஆரில் ஓடும்போது குறை இல்லை, வடபழனி சிக்னலில் நான்கு நிமிடம் நின்றால் காற்று வெதுவெதுப்பாகி, டெம்பரேச்சர் முள்ளும் மேலே ஏறுகிறது. அறிகுறி இவ்வளவு தெளிவாக இருந்தால் நேராகக் கண்டென்சருக்குப் போங்கள். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது, நின்றால் ஃபேன் மட்டும்தான் துணை. அந்த ஃபேன் போதவில்லை.

சந்தேகம் இருந்தால் வாளித் தண்ணீர் சோதனை. வண்டியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, வாயில் தெர்மாமீட்டர் இருக்கும்போதே ஒருவர் முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். ஒயர் இணைப்புகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வாயின் குளிர்ச்சி ஐந்தாறு டிகிரி இறங்கினால், கம்ப்ரசரும் கேஸும் தம் வேலையைச் செய்கின்றன, சூட்டை வெளியேற்றுவதில்தான் குறை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது ஃபேன். எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இந்த மோட்டார்களில் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒயரிங் செய்தவர் நிறம் பார்க்காமல் இணைத்தால் இப்படி ஆகிவிடும். நிற்கும்போது எஞ்சின் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, முன்னால் உள்ள ஃபேன் அதே காற்றை வெளியே தள்ள, நடுவில் மாட்டிய கண்டென்சருக்குக் காற்றே கிடைக்காது.

புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஃபேன் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஃபேன்கள் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. அதை முன்னால் வைத்து, ஒயரை மட்டும் மாற்றித் தள்ளவிட்டால் காற்று வரும், ஆனால் பலம் இருக்காது. இறக்கைகளின் வளைவு ஒரு திசைக்கு ஏற்றபடி அமைந்தது. ஒயரோடு சேர்த்து இறக்கையையும் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும், அது முடியாத வடிவம் என்றால் தள்ளும் ஃபேனாகவே வாங்க வேண்டும்.

ஃபேன் சரி என்றால் கண்டென்சரை டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் மடிந்து, செம்மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்தத் தகடுகள் உப்பில் அரித்து, விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். வெறும் அழுக்கு என்றால் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக வைத்து அடித்தால் மிச்சமிருக்கும் தகடும் மடிந்துவிடும். உதிர ஆரம்பித்த கண்டென்சரைக் காப்பாற்ற வழி கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது கிரில்லுக்குள் எவ்வளவு பெரியது நுழையுமோ அவ்வளவு பெரியதாகப் போடுங்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. மார்கழியில் தாங்கும் சின்னக் கண்டென்சர் கத்திரியில் தாங்காது.

பொருத்தும்போதே நடக்கும் ஒரு தவறும் இங்கே சேரும். கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான குழாய் கண்டென்சரின் மேல் முனையில் சேர வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்குப் போகும் குழாய் கீழ் முனையிலிருந்து கிளம்ப வேண்டும். வளைக்க வசதியாக இருக்கிறது என்று மாற்றிக் கொடுத்திருந்தால், திரவமான கேஸ் அடியில் தேங்கி ஒழுங்காக வெளியேறாது. மேல் முனை கொதிப்பாகவும், கீழ் முனை அதைவிட நன்றாகக் குறைந்த சூட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் குழாயை விரலால் பிடிக்காதீர்கள், சுட்டுவிடும். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.

முள் ஏறுவது நிற்கவில்லை என்றால் ரேடியேட்டரைத் திறங்கள். வருடக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். ஏசி இல்லாதவரை சமாளித்த ரேடியேட்டர், முன்னால் ஒரு கண்டென்சர் வந்து நின்றதும் திணறும். குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ராடிங் செய்து, கூலண்ட் ஊற்றுங்கள். அம்பாசடருக்கு ஒரு வரிசை கூடுதலான ரேடியேட்டர் போட்டு, ஃபேனைச் சுற்றித் தகட்டு வளையமும் கட்டினால் சிக்னலில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அரை மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு போய்விடுகிறது

இங்கே ஒரே ஒரு கேள்வி: குளிர்ச்சி போகும்போது காற்றின் வேகமும் குறைகிறதா, அல்லது காற்று அதே வேகத்தில் வந்து சூடு மட்டும் ஏறுகிறதா?

காற்றே குறைந்தால், டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் கூலிங் காயில் உறைந்துவிட்டது. தகடுகளின் நடுவே ஐஸ் கட்டி, காற்று புக வழியில்லை. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் காலடியில் தண்ணீராகக் கொட்டும், காற்றும் திரும்பும். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாய் காயிலின் தகடுகளுக்குள் செருகியிருக்க வேண்டும். பழைய யூனிட்டுகளில் அது நழுவி வெளியே தொங்கும். காயில் உறைந்ததே அதற்குத் தெரியாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றி, குழாயை விரல் நீளத்துக்குத் தகடுகளுக்குள் திரும்பச் செருகி, நகராதபடி கட்டிவிடுங்கள். ப்ளோயரைக் குறைவாகவும் குளிர்ச்சியை முழுதாகவும் வைத்து ஓட்டும் பழக்கமும் உறைவதைக் கூட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ப்ளோயர் நடுவேகத்திலாவது இருக்கட்டும்.

காற்று அப்படியே வருகிறது, சூடு மட்டும் ஏறுகிறது என்றால் குழாய்க்குள் ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கேஸைக் கூலிங் காயிலுக்குள் அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் ஒரு துளி நீர் உறைந்து வழியை அடைக்கும். அணைத்து வைத்தால் கரையும், மறுபடி ஓடும், மறுபடி அடைக்கும். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால் அந்த நேரத்தில் லோ பக்க (குறைந்த அழுத்தப் பக்க) முள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். இதற்கு டிரையரை மாற்றி, நன்றாக வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), புதிதாகக் கேஸ் ஏற்ற வேண்டும். டிரையர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சென்னைக் காற்றில் திறந்து கிடக்கும் டிரையர், மாட்டுவதற்கு முன்பே ஈரத்தை உறிஞ்சித் தீர்ந்துவிடும். மற்ற எல்லா இணைப்பும் முடிந்த பிறகு, கடைசியாக டிரையர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அபூர்வம். எக்ஸ்பான்ஷன் வால்வின் உருளைச் சென்சர் கூலிங் காயிலிலிருந்து வெளியேறும் குழாயோடு இறுக்கிக் கட்டி, மேலே கார்க் டேப் சுற்றியிருக்க வேண்டும். அது தளர்ந்தால் கேஸ் தேவைக்கு மேல் பாய்ந்து, கம்ப்ரசர் வரை குழாய் வெள்ளையாகப் பூத்துப் போகும்.

வருடா வருடம் கேஸ் போடுகிறேன், வருடா வருடம் போய்விடுகிறது

கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். எண்ணெயில் தூசி ஒட்டும். ஆகவே ஹோஸ் முனைகள், கம்ப்ரசரின் முன் சீல், கண்டென்சர் மூலைகள், சார்ஜ் செய்யும் வால்வு ஆகியவற்றில் கறுத்த, பிசுபிசுப்பான கறை தேடுங்கள். கண்ட இடத்தில் சோப்பு நுரை வையுங்கள். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் நிரப்பிச் சோதிக்கும் கடைக்குப் போங்கள். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, ஆக்ஸிஜன் சிலிண்டரில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எண்ணெயும் அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருத்தப்பட்ட யூனிட் என்றால் வேறொரு காரணமும் இருக்கலாம். அவை ஆர்-12 கேஸுக்காகச் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, 2010-க்குள் நம் நாட்டிலும் அதன் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. இப்போது ஏற்றப்படுவது ஆர்-134ஏ. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்து அப்படியே ஏற்றினால் சிக்கல். பழைய கேஸோடு கலந்து ஓடிய மினரல் எண்ணெய் ஆர்-134ஏயோடு கலக்காது. அது காயிலின் அடியில் தேங்கிவிட, கம்ப்ரசர் எண்ணெயின்றிக் காய்ந்து இறுகும். பழைய ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவே புதுக் கேஸ் மெல்ல மெல்ல வெளியேறும். "எங்கேயும் ஓட்டை இல்லை, ஆனால் போய்விடுகிறது" என்பதற்கு இது ஒரு காரணம்.

முறையாக மாற்றுவது என்றால்: பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, கேஸ் ஊடுருவாத உள் அடுக்குள்ள புது ஹோஸ், புது ஓரிங், ஆர்-134ஏக்கான டிரையர், பிஏஜி அல்லது எஸ்டர் எண்ணெய். கழுவிய பின்னும் கொஞ்சம் மினரல் எண்ணெய் தங்கியிருக்கும் என்று தோன்றினால் எஸ்டர்தான் பாதுகாப்பு. கேஸின் எடை, பழைய ஆர்-12 அளவில் 80 முதல் 90 சதவீதம். எடைத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

கேஜ் பார்ப்பதில் ஒரு ஏமாற்றம் நடக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சின் ஓடாதபோது கேஜ் மாட்டி, "பாருங்க, 110 இருக்கு, ஃபுல்" என்று காட்டுவார்கள். நிற்கும் வண்டியில் அந்த அழுத்தம் வெப்பத்தை மட்டுமே பொறுத்தது. 35 டிகிரியில் ஆர்-134ஏ ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி, 700 இருந்தாலும் சரி. அதைவிட நன்றாகக் குறைந்தால் திரவமே இல்லை, கேஸ் அநேகமாகக் காலி. வண்டி நன்றாக ஆறிய பிறகும் அதைவிடக் கணிசமாகக் கூடினால் காற்று கலந்திருக்கிறது, வாக்குவம் சரியாகப் போடவில்லை. அளவைத் தெரிந்துகொள்ள எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ நல்ல அறிகுறி. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது காற்று, அல்லது மேலே சொன்ன கண்டென்சர் கோளாறு. லோ அதிகம், ஹை குறைவு என்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது.

விலை மலிவான கேஸ் டப்பாக்களிடம் ஜாக்கிரதை. 2011-இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட சில குளிர்சாதனக் கப்பல் சரக்குப் பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் உள்ளே போனதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறிவிடும். நம் கண்டென்சரும் கம்ப்ரசரும் அலுமினியம்தான். சீல் உடையாத, அச்சு தெளிவான டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

காலடியில் தண்ணீர்

கூலிங் காயிலில் படியும் ஈரம் ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தரைக்குக் கீழே வடிய வேண்டும். குழாய் மடங்கியிருக்கும், தூசி அடைத்திருக்கும், கரப்பான் பூச்சி உள்ளே புகுந்திருக்கும். கீழ் முனையிலிருந்து மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள். யூனிட் வடிகால் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வடிவது இயல்பு, கீழே சொட்டவில்லை என்றால்தான் கவலை. கார்பெட்டைத் தூக்கி வெயிலில் காயப் போடுங்கள். தள்ளிப்போட்டால் தரைத் தகடு துருப்பிடித்து, பிறகு டிங்கரிங் செலவு வரும். தண்ணீர் பிசுக்காக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ஏசித் தண்ணீர் அல்ல, ஹீட்டர் கோரிலிருந்து (ஹீட்டருக்குள் எஞ்சின் வெந்நீர் ஓடும் காயில்) வரும் கூலண்ட்.

ஏசி போட்டதும் எஞ்சின் அணைகிறது, இழுவை செத்துவிடுகிறது

மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினுக்கு கம்ப்ரசர் உண்மையிலேயே சுமைதான். கத்திப்பாரா பாலம் ஏறும்போது இழுவை குறைவது கோளாறில் சேராது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அணைந்துபோவது கோளாறு. கார்பரேட்டர் வண்டியில் ஏசி ஒட்டியதும் ஐடிலை உயர்த்திப் பிடிக்க வாக்குவத்தில் இயங்கும் சின்ன டயாஃப்ரம் வைத்திருப்பார்கள். பல இடங்களில் அதை மாட்டாமலே விட்டிருப்பார்கள், அல்லது அதன் ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அதைச் சரிசெய்து, ஏசி போட்ட நிலையில் ஐடில் 900, 1000 சுற்றில் நிற்கும்படி வையுங்கள். ஐடில் திருகியை மட்டும் ஏற்றி வைப்பது தற்காலிக வழி, ஏசி இல்லாதபோது வண்டி தேவையில்லாமல் கத்தும், பெட்ரோலும் போகும். டைமிங், பிளக், பாயின்ட் இவை சரியில்லாத எஞ்சினில் எந்த ஏசியும் நிம்மதியாக ஓடாது.

ராத்திரியில் ஹெட்லைட் மங்குகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளட்ச் 4 ஆம்பியர், ப்ளோயரும் கண்டென்சர் ஃபேனும் சேர்ந்து ஏறக்குறைய 15 முதல் 20, ஹெட்லைட் ஜோடி 9, 10. மொத்தம் 30ஐத் தொடுகிறது. பழைய அம்பாசடரின் டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. குறைந்தது 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் போட வேண்டும்.

ஆல்டர்நேட்டர் இருந்தும் மங்கினால் ஒயரிங்கைப் பாருங்கள். இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக யூனிட்டுக்கு மெல்லிய ஒயர் இழுத்திருந்தால் சாவித் துளையைச் சுற்றித் தொட்டாலே சுடும். இது தீப்பிடிக்கும் வேலை, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், ஃபேனுக்கும் கிளட்சுக்கும் ப்ளோயருக்கும் தனித்தனி ரிலே. இக்னிஷன் சுவிட்ச் ரிலேயை எழுப்ப மட்டும் இருக்கட்டும். ஃபயர்வால் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் ஒயர் போனால், அதிர்வில் தகட்டின் விளிம்பு அதை மெல்ல அறுத்துவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்றால் அந்தத் துளையில்தான் முதலில் டார்ச் அடிக்க வேண்டும்.

சத்தம்

ஏசி அணைந்திருக்கும்போதும் கர்ரென்று வந்தால் புல்லி பேரிங். போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசர் அல்லது பிராக்கெட். லோக்கல் லேத்தில் அடித்த பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தேடுங்கள். ஒட்டும் நொடியில் கீச்சென்றால் பெல்ட்: நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், அதற்கு மேல் என்றால் தளர்வு. இறுக்கியும் கத்தினால் பெல்ட் புல்லியின் அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். வி-பெல்ட் பக்கங்களால்தான் பிடிக்கும், அடியைத் தொட்டால் வழுக்கும். டேஷ்போர்டுக்குள் தொடர்ந்து உஸ்ஸென்று கேட்டால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாசனை

ஈரத்துணி நாற்றம் என்றால் கூலிங் காயிலில் பூஞ்சை. மூடியைக் கழற்றிக் காயிலைக் கழுவி, நைந்த பஞ்சை மாற்றி, வீட்டை நெருங்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் சில நிமிடம் ஓடவிட்டு உலர்த்தும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை வாசனை வந்தால் அப்படி விடக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் யூனிட் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்று வராது. ஹோஸ் நுழைக்கப் போட்ட துளை, துருப்பிடித்த தரை, கசியும் மேனிஃபோல்டு கேஸ்கெட் இவை வழியே உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடு அங்கேயே தங்கிச் சேரும். அதற்கு வாசனையே கிடையாது. நீங்கள் முகர்வது அதோடு வரும் மற்றப் புகையை. தலைவலி, கண் சொருகல் என்று தோன்றிய உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி, வெளியே வந்துவிடுங்கள். நிற்கும் வண்டியில் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுத் தூங்குவது எந்த வண்டியிலும் ஆபத்து, பழைய வண்டியில் இன்னும் ஆபத்து. டிரைவர் வேலை பார்க்கும் தம்பிகளிடம் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள். துளைகளைச் சுற்றி ரப்பர் புஷ், அதன் மேல் சீலண்ட், சைலன்சர் இணைப்புகளில் கசிவுச் சோதனை, இந்த மூன்றும் முடியும் வரை ஏசி வேண்டாம்.

மழையில் கண்ணாடி மூடுகிறது, ஊட்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை

மூடுவது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால் ஏசியைப் போடுங்கள், காற்றின் ஈரத்தை அது வடித்துவிடும். வெளிப்பக்கம் என்றால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ச்சியைக் குறைத்து, காற்று வாயைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வைப்பரை ஒரு தட்டு.

மலைக்குப் போவதற்காக எஞ்சின் வெந்நீரில் ஓடும் ஹீட்டர் பொருத்தியவர்களுக்கு: வெந்நீர் ஹோஸ் இரண்டும் சூடாக இருந்து உள்ளே சூடு வரவில்லை என்றால் ப்ளோயரைப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோருக்குள் அடைப்பு அல்லது காற்றுப் பூட்டு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலண்ட் ஊற்றுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் (ஏசியுடையது அல்ல) எஞ்சினில் இல்லை. சென்னைக்கு வேண்டாம் என்று பலர் கழற்றி எறிந்திருப்பார்கள், மலையில் எஞ்சினே சூடேறாது. புதிதாக ஒன்று மாட்டுங்கள்.

ஊர் திரும்பியதும் ஹீட்டர் குழாயின் வால்வை முழுக்க மூடி, மூடியிருக்கிறதா என்று ஹோஸைத் தொட்டுச் சரிபாருங்கள். அந்த வால்வு பாதி திறந்தே இறுகியிருந்தால், ஒரு பக்கம் வெந்நீரும் மறுபக்கம் ஏசியும் ஒரே வண்டிக்குள் போட்டியிடும். மே மாதத்தில் அந்த வண்டியும் "கேஸ் கம்மி" என்றுதான் கடைக்குப் போகும். வால்வு அசையவில்லை என்றால் மாற்றும் வரை இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கம் கழற்றி, ஒரே துண்டு ஹோஸால் இணைத்துவிடுங்கள்.